மண்மேட்டு விபூதி

எனக்கு வாய் நீளம். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் லிப்ட் பழுதானால் முதலில் கேட்பது என் குரல்தான். வேலையிடத்தில் கேட்கவே வேண்டாம். சட்டையில் 'பாதுகாப்பு அதிகாரி' என்று எழுதியிருந்தால் சத்தம் போட உரிமை வந்துவிட்டதாக நினைக்கிற ஆள் நான்.

சில ஆண்டுகளுக்கு முன், போலீஸ் துப்பாக்கிச் சுடும் தளம் ஒன்றைச் சுத்தம் செய்து செப்பனிடும் குத்தகை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது. இலக்குப் பலகைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய மண்மேடு. பல காலமாகச் சுட்ட குண்டெல்லாம் அதற்குள் புதைந்து கிடந்தது. மண்ணை வெட்டிச் சலித்து, ஈயத்தைப் பிரித்து, டிரம்களில் அடைத்து அனுப்ப வேண்டும். பிறகு புது மண் கொட்டி மேட்டைத் திரும்பக் கட்ட வேண்டும். ஈயம் குண்டாகக் கண்ணுக்குத் தெரிகிறவரை பெரிய பயமில்லை. தூளாகி வாய்க்குள் போனால் இரத்தத்தில் கலந்து எலும்பில் போய்த் தங்கிவிடும்.

அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். முகமூடி, கையுறை, வேலை முடிந்ததும் குளியல் எல்லாம் கட்டாயம். மேட்டைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினேன். கயிற்றுக்குள் சாப்பாடு, தண்ணீர், சிகரெட் எதுவும் கூடாது. வாயில் மிட்டாய் வைத்திருந்த ஒருவரைத் துப்பச் சொல்லியிருக்கிறேன்.

முதல் நாள் மண்ணில் கை வைக்கும் முன் மேட்டோரத்து மரத்தடியில் முனீஸ்வரர் படத்தை வைத்துச் சூடம் ஏற்றினோம். அவரிடம் கேட்காமல் எங்கள் ஆட்கள் எந்த இடத்தையும் தோண்ட மாட்டார்கள். லோரிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். விபூதி டப்பாவை வீட்டிலிருந்து கொண்டுபோனது நான். எல்லோரும் தினமும் பூசிக்கொள்ளட்டும் என்று அங்கேயே விட்டுவந்ததும் நான்தான். அதன் மூடி இரண்டாம் நாளே எங்கோ போய்விட்டது.

வேலையாட்கள் நான்கு பேர். மூத்தவர் பந்திங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். சல்லடை இயந்திரம் அவர் பொறுப்பு. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மேடம் என்பார். வாலிப வயதிலிருந்து ஊதித் தள்ளியவர், வீட்டுச் சாமி மேடைக்கு முன்னால் மனைவி பார்க்கச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து சிகரெட்டை விட்டிருந்தார். அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

முதல் மாதம் முடிந்து இரத்தப் பரிசோதனை வந்தது. மூன்று பேருக்கு ஈயம் கொஞ்சம் ஏறியிருந்தது. அவருக்கு மட்டும் எக்கச்சக்கம். ஈய வேலையிலிருந்து அவரை உடனே எடுக்கச் சொன்னார் டாக்டர்.

எனக்கோ விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. அடிக்கடி அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மரத்துப் பக்கம் போவதைப் பார்த்திருந்தேன். எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார், முகமூடியை இறக்குவார், கை வாய்க்குப் போகும். மற்ற மூவரும் நிற்கும்போதே கேட்டேன்.

"அண்ணே, உண்மைய சொல்லுங்க. அந்த மரத்துக்கிட்ட போயி சிகரெட்தானே புடிக்கிறீங்க?"

"இல்ல மேடம். சாமி கும்பிடத்தான் போறேன்."

"ஒரு நாளைக்குப் பத்து தடவையா? என்னை என்ன மடச்சின்னு நெனச்சீங்களா லா?"

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதோடு நான் விட்டேனா? அவர் நல்லதுக்குத்தான் என்று அவர் வீட்டுக்கும் போன் போட்டு, "வீட்டுக்காரர் திரும்ப சிகரெட் புடிக்கிறாரு, கொஞ்சம் கவனிச்சுக்கோங்க அக்கா" என்றேன். அந்த அம்மா "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து அண்ணனுக்கு மேரு என்ற ஊரில் இருக்கும் எங்கள் ஸ்டோரில் வேலை.

சில வாரம் கழித்து வேலையாட்களில் ஒரு பையன் சொன்னான், அவருடைய மனைவி அவரிடம் பேசுவதே இல்லையாம். சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாராம். சாமி முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவரிடம் என்ன பேச்சு என்றாராம். எனக்கு உறுத்தியது. ஆனாலும் செய்ததைத்தானே அனுபவிக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனையில் மற்றவர்களுக்கும் இன்னும் ஏறியிருந்தது. அவர்களில் யாரும் சிகரெட் பிடிப்பவர்கள் இல்லை. குழாய், சாப்பாட்டு மேசை, துணி மாற்றும் அறை என்று ஒன்று விடாமல் துடைத்துச் சோதித்தேன். எல்லாம் சுத்தம்.

மறுநாள் காலை, ஒன்றும் ஓடாமல் மரத்தடிக்குப் போனேன். சாமிக்கு முன்னால் கையுறையோடு நிற்க மனம் வரவில்லை, கழற்றினேன். முகமூடியை இறக்கினேன். விபூதியை நெற்றியில் இழுத்துவிட்டு, சின்ன வயதுப் பழக்கத்தில் ஒரு சிட்டிகையை வாயில் போட்டேன். நாக்கில் கரகரவென்று மண்.

திரும்பிப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் சல்லடை. காலடியில் மூடியில்லாத டப்பா. விபூதியைச் சாப்பாட்டுக் கணக்கில் எந்தத் தமிழன் சேர்ப்பான்? நான் சேர்க்கவில்லை. நான் கட்டிய மஞ்சள் கயிற்றுக்குள்ளே, நான் வைத்த டப்பாவிலிருந்து, மரியாதைக்காகக் கையுறையைக் கழற்றிவிட்டு எல்லோரும் ஈயத்தைத் தின்றிருந்தோம்.

சோதனைக்கூடமும் அதையே சொன்னது. படத்தைத் துடைத்துக் கயிற்றுக்கு வெளியே மாட்டினேன். விபூதியை ஆற்றில் கரைக்க வழியில்லை. மற்ற ஈய மண்ணோடு டிரம்மில் கொட்டி மூடினேன். அப்போது அழுதுவிட்டேன். சாமிக்காக இல்லை. தலைகுனிந்து நின்ற அந்த மனிதரின் பிடரிதான் கண்முன் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பந்திங் போனேன். அவர் வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொல்லி, "மன்னிச்சிடுங்க அண்ணே" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன மேடம் புண்ணியம்? அவகிட்ட சொல்லுங்க" என்றார்.

உள்ளே போய்ச் சொன்னேன். விபூதி என்ற சொல் வந்ததுமே அந்த அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் மேடம் சொன்னேன். சிகரெட் நெனப்பு வந்தா ஒரு சிட்டிகை விபூதிய வாயில போட்டுக்கோங்க, சாமி பார்த்துக்கும்னு. அதைத்தான் செஞ்சிருக்காரு."

நான் பார்த்த ஒவ்வொரு தடவையும் அவர் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அந்த அம்மா எழுந்து சாமி மேடைக்குப் போனார். விபூதித் தட்டோடு வந்து, வாசற்படியில் நின்ற கணவரிடம், "உள்ள வாங்க" என்றார். நெற்றியில் பூசினார். அண்ணன் பழக்கத்தில் வாயைத் திறந்தார். சிட்டிகையோடு அந்த அம்மாவின் கை நடுவில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது நம்ம வீட்டுதுதான் மேடம். குடுக்கலாமா?"

"குடுங்க அக்கா" என்றேன்.