உருகி உறைந்த ஐஸ்கிரீம்

சென்ற ஆண்டு கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. விழுப்புரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தேதி முடிய ஓரிரு நாள் இருக்கும் பொருட்களைக் குப்பையில் கொட்டாமல், கோலியனூர் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் ஆதரவற்ற பெண்கள் இல்லத்துக்கு அனுப்பிவிடுவோம். அன்று ஃப்ரீசரிலிருந்து கோழிக்கறி பாக்கெட்டுகளை எடுத்து நானே ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் திறந்த ஐஸ்கிரீம் கப்போடு வந்தார்.

"இன்னாம்மா இது? உருகிப் போனத திரும்ப உறைய வெச்சி விக்கிறீங்களா?"

ஐஸ்கிரீம் பாதியாக அமுங்கி, நறநறவென்று கட்டி தட்டியிருந்தது. கோழிக்கறி இருந்த அதே ஃப்ரீசர்! வாட்ச்மேனைக் கேட்டேன். இரவு கரண்ட் போய் விடியும்போதுதான் வந்ததாம், ஜெனரேட்டரும் ஓடவில்லையாம். அப்படியானால் அந்தக் கறியும் இரவெல்லாம் உருகிக் கெட்டிருக்குமே?

இல்லத்துக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்குப் போயிருப்பார்கள். ஆட்டோக்காரரை அழைத்தேன்.

"அப்பவே எறக்கிட்டேனே மேடம். இப்ப சவாரி ஏத்திக்கினு திண்டிவனம் போய்க்கினு இருக்கேன்."

ஸ்கூட்டியை எடுத்தேன். வழியில் கரும்பு டிராக்டர் ஒன்று ஒதுங்க இடமில்லாமல் முன்னால் ஆடி அசைந்து போனது. ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அங்கே பாதிப் பேர் வயதானவர்கள். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்?

இல்லத்து வாசலிலேயே மசாலா வதங்கும் வாசனை. செருப்போடு சமையற்கட்டுக்குள் ஓடினேன். கழுவிய கறியைச் சட்டியில் கொட்ட ஒரு அம்மா அண்டாவைத் தூக்கிவிட்டிருந்தார்.

"போடாதீங்க!" என்று கத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். ஓடி வந்த சிஸ்டர் திட்டவில்லை. குழி தோண்டிக் கறியைப் புதைக்கச் சொன்னார். அண்டாவை இறக்கி வைத்த அந்த அம்மாதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"போன வாரத்துலர்ந்தே கறி வரும்னு பார்த்துக்கினு இருந்தோம். போவுது வுடும்மா. நீ எதுக்கு அழுவுற?"

வதங்கிய மசாலாவில் உருளைக்கிழங்கைப் போட்டுக் குழம்பு வைத்தார்கள். எனக்கும் தட்டு வைத்தார்கள். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

எங்களுக்கு மீந்துபோனதற்காக அங்கே ஒரு வாரமாகக் காத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் உறைத்தது. இப்போதும் இல்லத்துக்கென்று ஒரு பாக்கெட்டை எடுத்தால், என் வீட்டு அடுப்புக்குப் போவதைப் போல முகர்ந்து, அழுத்திப் பார்த்த பிறகும் மனசு படபடக்கத்தான் செய்கிறது.