கேட்காமல் தந்த கடன்

அந்தக் குறுஞ்செய்தி வந்தபோது நான் ஒரு பழைய சோபாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடித்துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் எனக்குக் குஷன் கடை. சோபா, நாற்காலி, ஆட்டோ சீட் எது வந்தாலும் பஞ்சும் ரெக்ஸினும் மாற்றித் தருவேன். கையெல்லாம் பசையாக இருந்ததால் போனைத் தொட முடியவில்லை. சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவிதான் எடுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, உங்க அக்கவுண்ட் மைனஸ்ல இருக்காம்."

"மைனஸ்னா?"

"இல்லாததுக்கும் கீழ."

வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். ஏனென்றால் அன்றுதான் எங்கள் உம்ரா யாத்திரைக்கான காசோலை பணமாகிற நாள். மக்காவுக்குப் போய் உம்ரா செய்துவிட்டு வர வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே இருவருக்கும் ஆசை. என் கூலியில் மிச்சம் பிடித்ததும், அவள் நைட்டி தைத்துச் சேர்த்ததும் பீரோவில் ஒரே பையில்தான் இருந்தன. டிராவல்ஸ்காரர் காசோலைதான் வேண்டும் என்று சொன்னதால், பையை அப்படியே கொண்டுபோய் கணக்கில் போட்டு, இருவருக்குமான தொகையை எழுதிக் கொடுத்திருந்தேன். கணக்குப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று பிஸ்மில்லா சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன்.

இந்த இடத்தில் என் கணக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வட்டி எங்களுக்கு ஆகாது. வாங்கவும் ஆகாது, கொடுக்கவும் ஆகாது. முன்பு எல்லாரையும்போல நானும் சேமிப்புக் கணக்குதான் வைத்திருந்தேன். அவ்வப்போது அதில் கொஞ்சம் வட்டி வந்து விழும். அதைத் தனியாக எடுத்து, நன்மையை எதிர்பார்க்காமல், இல்லாதவர்கள் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். எது வட்டி, எது என் காசு என்று ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்ப்பது அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி இருந்தது. அப்போதுதான் பள்ளிவாசலில் பழக்கமான ஒருவர், கரண்ட் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு, அதில் வட்டியே வராது என்றார். வானகரத்தில் பைபாஸ் பக்கமாகக் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு தனியார் வங்கி புதிதாகத் திறந்திருந்தார்கள். சந்தோஷமாகப் போனேன்.

மேஜையில் ஒரு பெண் இருந்தாள். மரியாதையாகப் பேசினாள், தண்ணீர் கொடுத்தாள். நான் கேட்டது ஒரே கேள்விதான்.

"இதுல வட்டி வராது இல்லம்மா?"

"ஒரு ரூபா கூட வராது சார்."

அவள் பென்சிலால் டிக் அடித்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

பக்கத்துக் கடையில் பேட்டரி விற்கிறவர், என் நெடுநாள் சிநேகிதர், அன்றைக்கே சொன்னார்: "இன்னா பாய், வட்டி வோணாம்னு சொல்ற ஆளு கெட்ச்சா, பேங்க்காரன் மாலை போட்டு இட்டுகினு போவான்." சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அதன்பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்தக் கணக்கில் எப்போதும் ஒரு தொகை தொடாமல் கிடக்க வேண்டுமாம். என்னைப்போலக் காலையில் வந்த காசில் மத்தியானம் ஃபோம் வாங்குகிறவனுக்கு அது எப்படி முடியும்? கிடக்கவில்லை என்றால் அபராதம். அபராதத்துக்கு மேல் வரி. இவற்றையெல்லாம் பிடித்தோம் என்று தெரிவிக்க வருகிறதே செய்தி, அதற்கும் ஒரு கட்டணம். பொறுத்துக்கொண்டேன். வட்டி இல்லாமல் இருப்பதற்கு நான் கொடுக்கிற விலை என்று நினைத்துக்கொண்டேன்.

குறுஞ்செய்தி வந்த மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்து வானகரம் போய், டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அதே பெண்ணிடம் போனேன். அவள் கணினியைப் பார்த்துவிட்டு நல்ல செய்தி சொல்கிறவள் மாதிரி சிரித்தாள்.

"போன குவார்ட்டருக்கான மினிமம் பேலன்ஸ் சார்ஜ் பிடிச்சதுல உங்களுக்குக் கொஞ்சம் கொறஞ்சிருச்சு சார். ஆனா செக்க நாங்க ரிட்டர்ன் பண்ணல. உங்களுக்கு ஓவர்டிராஃப்ட் இருக்கு, அதுலருந்து போட்டு பாஸ் பண்ணியாச்சு."

"எனக்கு எப்ப அது குடுத்தீங்க?"

"ப்ரீ அப்ரூவ்ட் சார். அக்கவுண்ட் ஓப்பன் பண்ணும்போதே சைன் பண்ணியிருக்கீங்க."

"யாரு அப்ரூவ் பண்ணது?"

"சிஸ்டம் சார்."

"அது கடன்தானேம்மா?"

"கடன்னு சொல்ல முடியாது சார். ஃபெசிலிட்டி."

"அந்த ஃபெசிலிட்டிக்கு வட்டி உண்டா?"

"ரொம்ப ரொம்பக் கம்மி சார். யூஸ் பண்ற நாளுக்கு மட்டும்தான்."

நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். எந்த ஒன்றுக்குப் பயந்து இந்த வங்கிக்கு வந்தேனோ, அதே ஒன்றை என் உம்ராவின் தலையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதுவும் உதவி என்று சொல்லி.

"செக் பவுன்ஸ் ஆயிருந்தா உங்களுக்குத்தானே சார் அசிங்கம்?"

"பவுன்ஸே ஆயிருக்கலாம்மா."

இப்படி ஒரு வாடிக்கையாளரை அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது. கணினியை இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். பிறகு, "ஒரு ரிக்வெஸ்ட் போடுறேன் சார், சார்ஜஸ் திரும்ப வரலாம்" என்றாள்.

"எனக்குக் காசு திரும்ப வேணாம். நீங்க குடுத்த கடனத் திரும்ப எடுத்துக்குங்க. நேத்து நடக்கலன்னு ஆக்கிக் குடுங்க."

அது எப்படி சார் முடியும் என்றாள். நான் சத்தம் போட்டுவிட்டேன். டோக்கன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"வட்டி வாங்கக்கூடாதுன்னு போனீங்க. இப்ப வட்டி கட்டிட்டு வந்து நிக்கிறீங்க."

"நான் எங்க கட்டினேன்? அவனா எடுத்துக்கிட்டான்."

"என் காசும் அந்தப் பையிலதானே இருந்துச்சு? அதுலயும்தானே கலந்துருச்சு?"

 அவள் தையல் மெஷினை மூடிவிட்டுப் போய்த் தொழ நின்றாள். வழக்கத்தைவிட வெகுநேரம் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் இருந்தாள். அழுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். எங்களில் மக்காவுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கடனை எல்லாம் அடைப்பார்கள். அப்புறம் தெரிந்தவர்கள் வீடுகளுக்குப் போய், ஏதாவது தப்பு நடந்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். அப்படிச் சுத்தமாகப் போக வேண்டிய பயணத்துக்கான டிக்கெட்டிலேயே வட்டிக்கடன் ஒட்டிக்கொண்டிருந்தால் எப்படிப் போவது?

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். என் மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு. "தெரியாம நடந்தது. தெரிஞ்சதும் அடைச்சிருங்க, போதும். போயிட்டு வாங்க, எங்களுக்கும் துஆ செய்ங்க" என்றார். மார்க்கச் சட்டம் என்னை விட்டுவிட்டது. மனசு விடவில்லை.

எவ்வளவு குறைந்ததோ அதே அளவு பணத்தை, ஆட்டோ சீட் தைத்து வந்த கூலியிலிருந்து எடுத்துக்கொண்டு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனேன்.

"இத வச்சுக்குங்க. என் செக்குலருந்து இவ்ளோ திருப்பிக் குடுங்க."

டிராவல்ஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அஞ்சு ரூபா கூடக் கொறையாம அதே தொகைதானே பாய்? எதுக்குத் திருப்பணும்?"

"இது நான் ஒழச்சது. அதுல இருக்கிறது பேங்க்காரன் கடன்."

விஷயத்தை முழுக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து, அங்கேயிருந்த வேறு நோட்டுகளை எடுத்து என் கையில் வைத்தார். என் நோட்டுகளை உள்ளே போட்டுப் பூட்டினார். "மாத்தியாச்சு. மனசு ஆறுச்சா? சீட்டு மட்டும் மாறாது பாய், ஜன்னல் ஓரம் கேட்டீங்கன்னா இப்பவே சொல்லிருங்க" என்றார். பைத்தியக்காரத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். படி இறங்கும்போது எனக்கு மூச்சு சீராக வந்தது.

அந்த நோட்டுகளோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, வட்டிக்கும் ஆகட்டும் என்று, நேரே வானகரம் போய் கவுண்ட்டரில் கட்டினேன். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். போன் சத்தம் கேட்டது. டீ கொண்டுவந்திருந்த மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"மறுபடியும் கீழ போயிருச்சுங்க."

வங்கிக்கு போன் போட்டேன். அதே பெண்தான் எடுத்தாள். "கேஷா கட்டுனா ஒரு லிமிட் வரைக்கும்தான் சார் ஃப்ரீ. முன்னாடி பெரிய அமவுண்ட் போட்டீங்கல்ல, அதுல உங்க லிமிட் முடிஞ்சிருச்சு. அதான் இதுக்குச் சார்ஜ் பிடிச்சிருக்கு."

"கடன அடைக்கிறதுக்குமா காசு?"

"சிஸ்டம் சார்."

பேட்டரிக் கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "இன்னா பாய் இது. நீ போடப் போட அது கீழயே போய்கினு கீது. பேங்க்கா, போர்வெல்லா? வேற எடம் பாரு. மேனாம்பேட்ல எம் மச்சான் ஊட்டாண்ட ஒரு கவர்மெண்ட் பேங்க் கீது. ஃபேன் சுத்தாது, டோக்கன் மிசினு கெட்டுக் கெடக்கும். ஆனா ஒன் துட்டத் தொட மாட்டான்."

இந்த முறை ஒரே கேள்வியோடு போகக் கூடாது என்று முடிவு செய்தேன். முதலில் திருவேற்காட்டில் ஒரு வங்கிக்குப் போய், "நீங்க எதெதுக்கெல்லாம் காசு எடுப்பீங்க?" என்று கேட்டேன். பளபளப்பான ஒரு காகிதத்தை நீட்டி, எல்லாம் இதில் இருக்கிறது என்றார்கள். எழுத்து எறும்பு அளவுக்கு இருந்தது. வாயால் சொல்லுங்கள் என்றேன், சொல்லவில்லை. வந்துவிட்டேன். அடுத்து பஸ் ஏறி மேனாம்பேடு போனேன். ஃபேன் நிஜமாகவே சுற்றவில்லை. அங்கே இருந்த அம்மா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

"ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட். பணமே இல்லாட்டியும் எதுவும் பிடிக்க மாட்டோம். ஓவர்டிராஃப்ட் நீங்களா வந்து எழுதிக் கேட்டாத்தான். செக் புக் இதுல வராது. ஆனா சேவிங்ஸ்ங்க, வட்டி போடுவோம்."

"போடாம இருக்க முடியாதாம்மா?"

அவர் பேனாவை வைத்துவிட்டார். "வட்டி கம்மின்னு சண்டைக்கு வர்றவங்களத்தான் பாத்திருக்கேன். போடாதீங்கன்னு கேக்குறவர இப்பத்தான் பாக்குறேன். என் கையில இல்லீங்க அது."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று யோசித்தேன். வருகிற வட்டியை என் கையால் எடுத்து வெளியே கொடுத்துவிடலாம். என்னிடமிருந்து போகிற வட்டியைத் தடுக்க என் கையில் ஒன்றும் இல்லை. அரிசியில் கல் பொறுக்கச் சோம்பல்பட்டுத்தானே இத்தனையும் வந்தது? வந்த பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போய்க் கணக்கைத் தொடங்கினேன். ஒவ்வொரு கையெழுத்துக்கும் முன்னால் இது எதற்கு என்று கேட்டேன். அந்த அம்மா சலிக்காமல் சொன்னார்.

பயணத்துக்கு முந்தின வாரம் நானும் மனைவியும் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினோம். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், பேட்டரிக் கடைக்காரர் எல்லாரையும் பார்த்தோம். "கடைசியா அந்த பேங்க்குப் பொண்ணு. கத்திட்டு வந்தீங்கல்ல?" என்றாள் மனைவி. கணக்கையும் மூட வேண்டியிருந்தது. இருவரும் வானகரம் போனோம்.

மிச்சம் இருந்ததை எல்லா கட்டணத்தோடும் சேர்த்து அந்தப் பெண் கணக்குப் பார்த்தாள். கட்டினேன். மூடுவதற்கும் ஒரு கட்டணம் இருந்தது. அவளே எழுந்து உள்ளே போய் மேனேஜரிடம் பேசி அதை மட்டும் நீக்கிவிட்டு வந்தாள்.

"முடிஞ்சுது சார். இப்ப உங்க பேர்ல எதுவும் இல்ல."

"கீழயும் இல்லல்ல?" என்றாள் என் மனைவி.

"கீழயும் இல்ல, மேலயும் இல்லம்மா. நில் பேலன்ஸ்."

பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மக்காவுக்குப் போகிறோம், அன்றைக்குச் சத்தம் போட்டதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், மன்னித்துவிடும்மா என்றேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஐயோ, என்ன சார் இது. எங்கிட்ட டெய்லி யாராச்சும் கத்துறாங்க. திரும்பி வந்து யாரும் இப்படிச் சொன்னதில்ல. எனக்காகவும் வேண்டிக்குங்க. எங்க மேல கோவம் இல்லையே?"

"உம் மேல இல்லம்மா."

"பேங்க் மேல?"

நான் கணக்கு மூடிய காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மனைவி என் முழங்கையை இடித்தாள். மனதில் இல்லாததைச் சொல்லிவிட்டு மக்காவுக்குப் போகக் கூடாது என்பதால், "போயிட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

அல்லாஹ்வின் கிருபையால் போய் வந்தோம். கஃபாவைச் சுற்றும்போது தெரிந்தவர்களுக்கெல்லாம் துஆ செய்தேன். அந்தப் பெண்ணுக்கும் செய்தேன். டிராவல்ஸ்காரருக்கும், கண்ணாடி போட்ட அம்மாவுக்கும் செய்தேன். அந்த வங்கியின் நினைப்பும் நடுவில் வந்தது. அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தேன். அடுத்த சுற்றிலும் அப்படியே நடந்துவிட்டேன்.