போகியில் எரிந்த விமானிகள்

காலையில் மயிலாப்பூர்த் தெருவில் போகிப் புகையை முகர்ந்ததும் பழைய கோபம் மூண்டது. எனக்குப் பதின்மூன்று வயதில், வங்கதேசப் போரில் பறந்த விமானிகளுக்குக் கடிதம் எழுதுவேன். நீல மையில் கையெழுத்திட்ட படங்களும், தங்கை என்று விளித்த பதில்களும் வரும். அவற்றை பிஸ்கட் டப்பாவில் அடுக்கிவைத்து, பள்ளி விட்டு வந்ததும் தினமும் கலைத்து மறுபடி அடுக்குவேன். தை பிறந்ததும் அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, அந்த வருடப் போகியில் அம்மா டப்பாவைக் கவிழ்த்து எல்லாவற்றையும் எரித்தாள்.

"கண்ட ஆம்பளைகள் படம் ஆத்துல இருந்தா, வரவா என்னடி நினைப்பா?"

அந்த வீடே இடிக்கப்பட்டு அடுக்ககமாகிவிட்டது. அதில் அண்ணனின் ஃபிளாட்டில், அவன் சிறுவயதில் சேர்த்த கிரிக்கெட் வீரர்களின் கையெழுத்துப் படங்கள் ஒன்றுவிடாமல் தொங்குகின்றன. அவர்கள் மட்டும் எங்களுக்கு என்ன, சித்தப்பாவா, மாமாவா?