கோட்டுக்குள் இரண்டு விரல் துணி

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருபது வருடமாகப் பிளவுஸ் தைக்கிறேன். தையலுக்கு உள்பக்கம் இரண்டு விரல் துணி விடாமல் ஒரு பிளவுஸையும் கொடுத்ததில்லை. உடம்பு பெருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். மிச்சத் துணியை வெட்டி எறிகிறவளிடம் யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

அந்தப் பழக்கத்தோடுதான் மகளின் கோட்டிலும் கை வைத்தேன். பதினோராம் வகுப்பு படிக்கிற அவள் ஏர் ரைபிள் சுடுகிறாள். அதற்கென்றே கித்தானும் தோலும் சேர்த்துத் தைத்த ஒரு கோட்டு வேண்டும். அவளைவிடப் பெரிய பெண் ஒருத்தி போட்டுக் கழித்த கோட்டு இவளுக்கு வந்தது, தொளதொளவென்றிருந்தது. மெஷினில் ஓடவில்லை. நான்கு நாள் தடித்த ஊசியால் கையாலேயே இரண்டு பக்கமும் பிடித்தேன். மிச்சத்தை வழக்கம்போல உள்ளே மடித்துத் தைத்தேன். வளருகிற பெண்ணாயிற்றே.

போட்டியன்று கோட்டைச் சோதித்து முத்திரை குத்துவார்கள். முந்தின நாளே போட்டி நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோனால், தேறுமா தேறாதா என்று பார்த்தும் சொல்வார்கள். "எனக்கு டெஸ்ட் இருக்கும்மா. நீ போய்க் காட்டிட்டு வந்துடு" என்றாள். கோட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். வரிசையில் எல்லாம் ஆண்கள், வேகவேகமான இந்தி. எனக்குக் காய்கறி வாங்குகிற இந்திதான் வரும். என் முறை வந்தபோது மேஜையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். சொல்ல நினைத்து வைத்திருந்த வாக்கியத்தில் முதல் வார்த்தையே மறந்துபோனது. பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் "காட்டினியா?" என்று கேட்டாள். ஆமென்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் அதே மேஜை, அதே மனிதர். கோட்டின் துணியை ஒரு சின்னக் கருவியின் வாய்க்குள் வைத்து அழுத்தினார். கனம் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாதாம். முதுகு சரி. கை சரி. பக்கவாட்டுக்கு வந்ததும் முள் எங்கேயோ போய் நின்றது. உள்ளே விரலை விட்டு என் மடிப்பை வெளியே இழுத்தார்.

"யே க்யா பர் தியா, ஆன்ட்டிஜி? ரஜாயீ பனா தீ!" என்று சிரித்தார்.

உள்ளே எதையோ திணித்து ரஜாய் ஆக்கிவிட்டேனாம்; ரஜாய் என்றால் பஞ்சு மெத்தைப் போர்வை. வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். துணியை உள்ளே விட்டால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும், அது மோசடி என்றார். நான் மோசடியா செய்தேன்? பிள்ளை வளருவாள் என்றுதானே விட்டேன்? அதை எந்த மொழியில் சொல்வது?

பன்னிரண்டு மணிக்குள் சரிசெய்து கொண்டுவந்தால் இன்னும் ஒரு தடவை பார்ப்பார்களாம். அதிலும் தேறாவிட்டால் கோட்டு இல்லாமல் சுட வேண்டும். இதைப் போட்டே பழகியவளுக்கு அது சுடாமல் இருப்பதற்குச் சமம். மாநில அணிக்கு ஆள் எடுப்பதும் இந்தப் போட்டியில்தான்.

அவர் கோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது என் முகத்தை உற்றுப் பார்த்தார். "கல் பீ தோ ஆப் ஆயீ தீ. தப் க்யோ நஹீ திகாயா?"

மகள் என் பக்கம் திரும்பினாள். "நேத்து வந்துட்டு, காட்டாமலே போயிட்டியா?"

நடைபாதையில் துப்பாக்கி பழுது பார்க்கிறவரிடம் கத்தரிக்கோல் கேட்டதுகூட அவள்தான். தரையில் உட்கார்ந்து மடிப்பைப் பிரித்தேன். நான் போட்ட தையல் லேசில் விடவில்லை. அவ்வளவு நன்றாகத் தைத்திருந்தேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"ஜல்தி வெட்டும்மா. இன்னும் இருபது நிமிஷம்தான்."

"வெட்டிட்டா அடுத்த வருஷம் பிரிச்சுவிட முடியாதுடி."

"அடுத்த வருஷமா? இன்னிக்கே வெளியே தள்ளப் பாக்கறாங்க! ஒரு வார்த்தை கேட்டிருந்தா நேத்தே வீட்ல உக்காந்து வெட்டியிருக்கலாம்ல? உன்னைக் கடிச்சா திங்கப்போறாங்க?"

வெட்டினேன். கித்தான் கத்தரிக்குள் நறநறவென்றது. இருபது வருடத்தில் நல்ல துணியைத் தையல் ஓரம்வரை நான் வெட்டியது அன்றுதான்.

மறுபடியும் வரிசை. முள் இரண்டரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அவர் கோட்டை அப்படியும் இப்படியும் திருப்பிவிட்டு முத்திரையைக் குத்தினார். மகள் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவள் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் தூக்கி அசையாமல் நின்றாள். பக்கத் தையல் அவள் விலாவோடு கச்சிதமாகப் படிந்திருந்தது. இந்த வருடத்துக்குச் சரி. வெட்டிய துண்டுகளைக் கீழே போட மனம் வராமல் மடியில் சுருட்டி வைத்திருந்தேன். அவற்றை இனி எந்தத் தையலிலும் சேர்க்க முடியாது.