ஒஸ்ட்ராவாவுக்கு முன்னால் ஒரு பஸ் பயணம்

செக் நாட்டில் ஒஸ்ட்ராவா என்றொரு ஊர். அங்கே உலோகவியல் படிக்க என் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இரும்பைப் பத்திப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா? வாப்பா கடையில போய் உட்காரு, வேணுங்கிற மட்டும் கெடக்கு" என்றேன். என் கணவர் ஷார்ஜாவில் கட்டடக் கம்பி விற்கிறார். அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் அந்த ஊர்ப் பேச்சுதான். நிலக்கரியும் இரும்புமாக வாழ்ந்த ஊராம். மூடிப்போன உலையைக்கூட இடிக்காமல் வைத்திருக்கிறார்களாம், மக்கள் டிக்கெட் வாங்கி மேலே ஏறிப் பார்க்கிறார்களாம். சுரங்கக் கழிவு கொட்டிய குன்று ஒன்று உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருப்பதால் அதன்மேல் பனி தங்காதாம். "எரியிற மலையைப் பாக்கவா உன்னைப் பெத்தேன்?" என்று கேட்டால், ஐஸ் ஹாக்கிக்குத் தாவிவிடுவாள். ஆகஸ்ட் வெயிலுக்குப் பயந்து துபாய் மால் ஒன்றின் பனித்தளத்துக்கு அவளைக் கூட்டிப் போனது நாங்கள்தான். அங்கேயே ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டாள், இன்னும் விடவில்லை. "உம்மா, அந்த ஊர்ல சின்னப் பிள்ளைங்ககூட ஹாக்கி ஆடும்" என்பாள்.

என் பயம் குளிரைப் பற்றியது இல்லை. இவள் தனியாக எங்கேயும் போனதே கிடையாது. ஷார்ஜாவில் நாங்கள் இருக்கும் முவைலாவில் ஸ்கூல் பஸ் எங்கள் பில்டிங் வாசலுக்கே வரும். பஸ் ஆயா ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு இறக்கி, வாசலில் நிற்கும் ஆளின் கையில் பிடித்துக் கொடுப்பாள். மற்ற இடத்துக்கெல்லாம் வாப்பாவின் கார். இவள் அங்கே போய் டிராமில் போவாளாம், டிராமில்!

"சரி, வர்ற சனிக்கிழமை ஹாக்கி பிராக்டிஸுக்கு நீயே பஸ் ஏறிப் போ" என்றேன். "ஒழுங்காப் போய்ச் சேர்ந்தா ஒஸ்ட்ராவா. இல்லன்னா இங்கயே காலேஜ். கலாஸ், அவ்வளவுதான்."

அவள் உடனே ஒத்துக்கொண்டாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவள் படி இறங்கியதும் கணவரை இழுத்துக்கொண்டு காரில் ஏறினேன். பஸ்ஸுக்கு முன்னால் போய், அந்தப் பனித்தள மால் ஸ்டாப்புக்கு அருகே ஒரு தூணுக்குப் பின்னால் இருவரும் ஒளிந்து நின்றோம்.

பஸ் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். இவள் மட்டும் ஜன்னலோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு, டிரைவரைப் பார்த்தபடி சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாராவது தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறாள்! கதவு மூடியது. பஸ் அவளோடு கிளம்பிப் போய்விட்டது.

"யா அல்லாஹ், என் புள்ள போவுதே!" அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பஸ் நிற்கவில்லை. போனை எடுத்தேன். கணவர் பிடுங்கிக்கொண்டார்.

"நீ போன் பண்ணினா இன்னைக்கு நான் போய்க் கூட்டிட்டு வந்துருவேன் புள்ள. அங்க, ஒஸ்ட்ராவாவுல, யாரு போவா?"

"மச்சான், உங்களுக்கு நெஞ்சா, கல்லா?" வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண் மட்டும் பஸ் போன திசையை விட்டு நகரவில்லை.

மறுபடி தூணுக்குப் பின்னால் நின்று, வந்த பஸ் ஒவ்வொன்றிலும் அவளைத் தேடினேன். துஆ ஓதினேன், நடுநடுவே அவரைத் திட்டினேன். கடைசியில் சாலையின் எதிர்ப்பக்கம் நின்ற ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். சிக்னலில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. மால் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, ஷாலால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் திரும்புவதற்குள் வீட்டுக்கு ஓடி வந்து, ஒன்றுமே தெரியாதவள்போல மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பஸ் எப்படிடி இருந்துச்சு?"

"சூப்பர் உம்மா. ஒரு பிரச்சினையும் இல்ல. நேராப் போய் இறங்கிட்டேன். நீங்கதான் சும்மா பயந்தீங்க."

என் கை நின்றுவிட்டது. கணவர் என்னைப் பார்த்தார். வளைகுடாவுக்கு வந்த புதிதில் அவர் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தார். ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம், "இங்க ஒரு குறையும் இல்ல, நீ கவலைப்படாத" என்பார். நான் இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் அந்த ரூமைப் பார்த்தேன். கால் நீட்ட இடமில்லை. அதே குரல் இப்போது என் மகளின் வாயிலிருந்து வருகிறது. பாவமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

"அந்த ஊர்க் குளிருக்கு எந்த மாதிரி கோட்டு வேணும்னு யார்கிட்டயாச்சும் கேட்டு வை" என்றேன்.

அவள் ஓடி வந்து, மீன் கையென்றுகூடப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"ஆனா அங்கேருந்து போன் பேசும்போது, ஒரு பிரச்சினையும் இல்லன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத" என்றேன். "அழுகை வந்தா, போனை வைக்காம அழு."