ஹார்லன் கடைசித் துண்டைத் தின்ற கதை

அமெரிக்காவில் மினசோட்டாவின் வடபகுதியில், ஏரிக்கரையில் இருக்கும் அந்த ஊரில் ஒருவனுக்கு மனச்சோர்வு வந்தால் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. நன்றாக இருக்கிறவனே ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவான். ஹார்லனுக்கு அது இரண்டாகக் குறைந்தபோது அவன் மனைவி லோர்னா ஒருத்திக்குத்தான் விளங்கியது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன், இருபத்தாறு வருஷத்தில் ஒரு பிள்ளையின் பெயரையும் மறக்காதவன், அந்தக் குளிர்காலத்தில் வீடு திரும்பினால் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மாத்திரை கொடுத்தார்கள்.

மாத்திரை வேலை செய்தது. என்னமாய் வேலை செய்தது தெரியுமா? மூன்றாம் வாரம் ஹார்லன் வாயைத் திறந்தவன் அப்புறம் மூடவே இல்லை. தபால்காரரிடம் பேசினான், பக்கத்து வீட்டு நாயிடம் பேசினான், விடியுமுன்னே கூரையேறிப் பனியைத் தள்ளிக்கொண்டு பாடினான். "மருந்துன்னா இதுல்ல மருந்து" என்று ஊரே மெச்சியது. லோர்னாவும் முதலில் பூரித்துத்தான் போனாள், பாவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி நேரம். தட்டில் எலுமிச்சை கேக் ஒரே ஒரு துண்டு மிச்சம். அந்த ஊரில் கடைசித் துண்டை எவரும் எடுக்க மாட்டார்கள். பாதி வெட்டுவார்கள், அதில் பாதி வெட்டுவார்கள், எறும்புக்கும் காணாத பொடி மிஞ்சும். அதையும் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். ஹார்லன் நேராகப் போனான், எடுத்தான், ஒரே வாயில் போட்டுக்கொண்டான். "நல்லா இருக்கே, இன்னும் இருக்கா?" என்று வேறு கேட்டான்.

கீழ்த்தளத்தில் அத்தனை பேரும் குனிந்து தங்கள் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். லோர்னாவின் நினைப்பு பேருந்துக்குப் போனது. இந்த மனுஷன் நாளைக் காலையில் முப்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வழுக்கும் ரோட்டில் போகப் போகிறான்.

மறுநாள் பள்ளிக்கு போன் செய்து, அவனுக்குக் காய்ச்சல் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

"எப்படி இருக்கீங்க ஹார்லன்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பிரமாதம் டாக்டர். ஜென்மத்துல இப்படி இருந்ததில்ல."

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. டெக்சாஸிலிருந்து புதிதாக வந்தவர். அங்கே எல்லோரும் பிரமாதமாகத்தான் இருப்பார்கள் போலும். "அப்ப இதையே சாப்பிடுங்க" என்று சீட்டு எழுதப் போனார்.

"நேத்து கடைசித் துண்டைத் தின்னுட்டாரு டாக்டர்" என்றாள் லோர்னா.

"சாப்பிடட்டுமே. பசி எடுத்தா நல்லதுதானே?"

ஹார்லனுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் ஃபெர்ன் உள்ளூர்க்காரி. வேலையை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"பாதி வெட்டாமலா?"

"முழுசா. இன்னும் இருக்கான்னு வேற கேட்டாரு."

"டாக்டர், பேனாவைக் கீழ வைங்க" என்றாள் ஃபெர்ன். "தூங்குறாரான்னு கேளுங்க."

ராத்திரிக்கு இரண்டு மணி நேரம்தான் தூக்கம். ஒன்பது நாளாக. டாக்டரம்மாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சிலருக்கு இந்த மாத்திரை மனதைத் தூக்கி நிறுத்துவதோடு நிற்காது, தலைகால் புரியாமல் ஆட வைத்துவிடும் என்றார். அதை நிறுத்தி வேறு மருந்து எழுதினார். தான் சொல்லும்வரை பேருந்தைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

குளிர்காலம் முடிந்து, ஏரியில் உறைந்த பனி உடைகிற சமயத்தில் ஹார்லன் அடங்கியிருந்தான். சோர்வும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஒரு சாயங்காலம், பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"அந்த நாளெல்லாம் நான் சந்தோஷமா இருந்தேன், லோர்னா. நீதான் டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிட்ட."

"ஆமா, சொன்னேன்." என்றாள் அவள். "நீ சந்தோஷமா இருந்த. நான் தினம் தினம் செத்துப் பொழைச்சேன்."

இத்தனை நாள் கேட்கப் பயந்திருந்ததை அவளே கேட்டுவிட்டாள்.

"அப்போ தினமும் என்னை ரொம்பப் பிடிக்கும்னு சொன்னியே. முப்பத்தொரு வருஷமா சொல்லாதவன். அது மாத்திரை சொன்னதா?"

ஹார்லன் ஒரே தட்டை மூன்று முறை துடைத்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"மாத்திரை வாயைத்தான் திறந்துச்சு" என்றான். "உள்ள இருந்தது என்னோடதுதான்."