பாவம் பார்த்து வாங்காத செல்வராணி அக்கா

செல்வராணி அக்கா காலமான செய்தி வந்தபோது நான் சிங்கப்பூர்த் தேக்காவில் என் மசாலா மில்லில் கொத்தமல்லி அரைத்துக்கொண்டிருந்தேன். இயந்திரச் சத்தத்தில் கைப்பேசி அடித்தது கேட்கவில்லை. நாலாவது முறைதான் எடுத்தேன். அக்காவின் மகள் கவிதா. "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றாள். காதில் சரியாக விழாமல், "என்னம்மா? சத்தமாச் சொல்லு" என்று கத்தினேன். பெற்ற தாய் இறந்ததை அந்தப் பெண் இரண்டாவது முறை கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்காக முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அன்பர்கள், "நல்லதா நாலு வார்த்தை, ஸ்வீட்டா எழுதிக் குடுங்க அண்ணே" என்றார்கள். எனக்கு ஸ்வீட்டாக எழுத வராது. நான் மிளகாய் அரைக்கிறவன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு வரியையும் வெட்டாமல் போடுவதானால் போடுங்கள், இல்லாவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிங்கப்பூரிலேயே பிறந்தவர், தோ பாயோவில் குடியிருந்தவர். கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் இறக்குமதிப் பத்திரங்களைச் சரிபார்த்தவர். ஓர் எழுத்து தப்பாக இருந்தாலும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நம்மை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து பெரிய பெரிய வியாபாரிகள் மூன்று தரம் சரிபார்த்துவிட்டுத்தான் தாளை நீட்டுவார்கள். கருணைத் தாய், அன்னை என்றெல்லாம் இப்போது பட்டம் கட்டுகிறார்களே, அக்காவிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்கியவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் முனியசாமி என்பவர் என் கடைக்கு வந்தார். ராமநாதபுரம் பக்கம் ஆலங்கண்மாய்க்காரர். விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்தபோது கொண்டுவந்த ஒரு பை குண்டு மிளகாயைக் காட்டி, எங்கள் ஊர்ச் சரக்கு, வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மொத்த வியாபாரிகிட்டதான் வாங்குறோம், போயிட்டு வாங்க தம்பி" என்றேன்.

மிளகாய்த் தூள் அரைத்து வாங்குவதற்காக அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தார். பைக்குள் கையை விட்டு ஒரு மிளகாயை எடுத்து உடைத்து முகர்ந்தார். நேராக என் மூக்குக்கு அடியில் நீட்டினார்.

"சேகர், உனக்கு மூக்கு இருக்கா இல்லையா? மோந்து பாரு லா" என்றார், சிங்கப்பூர்க்காரர்களுக்கே உரிய அந்த 'லா'வோடு.

முகர்ந்தேன். வாசனை கண்ணைக் கரிக்கவைத்தது. அப்படிப்பட்ட சரக்கை அந்த ஊர்ப் பெண்கள் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்து, லாரியோடு வரும் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று முனியசாமி சொன்னார். ஆண்களில் பாதிப்பேர் இங்கேயும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். பயிர் வைக்காமல் போட்ட நிலத்தில் எல்லாம் கருவேலம் மண்டிவிட்டது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆலங்கண்மாய்க்குக் கிளம்பிவிட்டார்.

"என்ன அக்கா, தர்மம் பண்ணப் போறீங்களா?" என்று நான் கிண்டலாகக் கேட்டேன். "வாயைக் கழுவு. நான் சரக்கு பார்க்கப் போறேன்" என்றார்.

திரும்பி வந்தவர் என்னையும், சாப்பாட்டுக் கடை, மளிகைக் கடை வைத்திருக்கும் இன்னும் ஆறு பேரையும் என் மில்லின் மாடியில் உட்கார வைத்து ஓர் ஏற்பாடு சொன்னார். வருடா வருடம் புரட்டாசியில், விதை போடுவதற்கு முன்னால், ஒரு ஞாயிறு. கைப்பேசி நடுவில் இருக்கும், ஸ்பீக்கரில். அந்தப் பக்கம் ஊர்ப் பெண்கள் குழு, அதற்குத் தலைவி பேச்சியம்மாள். இந்தப் பக்கம் நாங்கள் ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, எத்தனை மூட்டை வாங்குவோம் என்று சொந்த வாயால் சொல்ல வேண்டும். அதை நம்பி அவர்கள் விதைப்பார்கள். மிளகாயைக் காயவைத்துத் தரம் பிரித்து, அது கப்பலேறி வந்ததும் சொன்ன மூட்டையை நாங்கள் எடுக்க வேண்டும். வாக்கு ஞாயிறு என்று அதற்குப் பெயர் வைத்தார். கையெழுத்து வாங்கினால் போதாதா அக்கா என்று ஒருவர் கேட்டதற்கு, "பேப்பர்ல எப்படி எப்படியெல்லாம் பொய் எழுதுவாங்கன்னு முப்பது வருஷமாப் பார்த்தவ நான். வாயால சொல்லு. அவங்க காதால கேட்கட்டும்" என்றார்.

முதல் வருடச் சரக்கு வந்ததும் நான் ஒரு கூத்து செய்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில், தூள் பொட்டலத்தின் மேல், 'ஏழைக் கிராமப் பெண்களுக்குக் கைகொடுங்கள்' என்று அச்சடித்த சீட்டை ஒட்டினேன். இணையத்தில் கிடைத்த, கன்னம் ஒட்டிய ஒரு மூதாட்டியின் படத்தையும் சேர்த்துவிட்டேன். பெருமை தாங்காமல் அதைப் பேச்சியம்மாளுக்கும் அனுப்பிவைத்தேன். உடனே அழைப்பு வந்தது.

"யாருண்ணே அந்தக் கெழவி? எங்க ஊர்ல அப்பிடி ஆளே இல்லையே!"

அக்கா சிரிக்கவில்லை. மத்தியானம் முழுக்க என் கடையில் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு சீட்டையும் நகத்தால் உரித்தார். என்னையும் உரிக்க வைத்தார். "மிளகா நல்லா இருக்குன்னு வாங்குறவன் மறுபடியும் வருவான். பாவம்னு வாங்குறவன் ஒரு தடவைதான் வருவான். நீ அவங்களை வியாபாரத்துல கூட்டாளியாச் சேர்த்தியா, இல்ல பிச்சைக்கு உட்கார வச்சியா?" என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. புதுச் சீட்டில் குண்டு மிளகாய்த் தூள், விளைந்த ஊர் ஆலங்கண்மாய் என்று மட்டும் போட்டோம்.

அந்தப் பக்கத்துப் பெண்களிடமும் அவர் இதே கண்டிப்போடுதான் இருந்தார். இரண்டாம் வருடம் சில மூட்டைகள் ஈரமாக வந்தன. பாவம், போனால் போகிறது, எடுத்துக்கொள்வோம் என்றோம் நாங்கள். அக்கா விடவில்லை. பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, "இது வேணாம்மா. நல்லா இல்ல" என்று பட்டென்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவர்களே கூடி ஊர்ப் பொது இடத்தில் மிளகாய் காயவைக்கக் களம் போட்டார்கள், தார்ப்பாய் விரித்தார்கள், ஈரம் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த வருடம் வந்த சரக்கைக் கையில் அள்ளினால் கலகலவென்று சத்தம் கேட்டது. லாரி வியாபாரிகூட இப்போது அவர்கள் சொல்லும் விலையைக் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறானாம். கருவேலத்தை வெட்டிவிட்டு நிலத்தைத் திருத்தினார்கள். முனியசாமி வேலை அனுமதியைப் புதுப்பிக்காமல் ஊருக்கே போய்க் களத்தைப் பார்த்துக்கொள்கிறார். போன வருடம் நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து சொன்னது முப்பத்தெட்டு மூட்டை.

இந்த வருடம் வாக்கு ஞாயிறு வந்தபோது அக்கா மருத்துவமனையில் இருந்தார். அவர் இல்லாமல் எப்படி என்று தள்ளிப்போட்டோம். அந்த இடைவெளியில் ஒரு பெரிய மொத்த வியாபாரி எங்கள் கடைகளில் ஏறி இறங்கினான். விலை குறைவு, மூட்டைக் கணக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். எங்களில் இரண்டு பேர் சத்தமில்லாமல் அவன் பக்கம் போய்விட்டார்கள். மற்றவர்கள் பார்க்கலாம், பார்க்கலாம் என்றார்கள். நானும் அவனிடம் சாம்பிள் வாங்கி வைத்தேன். ஆமாம், நானும்தான்.

அக்காவைப் பார்க்கப் போனேன். மூக்கில் குழாய். ஆனாலும் முதல் கேள்வி அதுதான்.

"வாக்கு ஞாயிறு முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது அக்கா."

"எத்தனை?"

"நாற்பத்திரண்டு" என்றேன். எங்கிருந்து அந்த எண் என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அக்கா கண்ணை மூடி மனதுக்குள் கழித்துப் பார்த்தார். "போன வருஷத்தைவிட நாலு கூட. கேன் லா, சரிதான்" என்று சிரித்தார். மூன்றாம் நாள் போய்விட்டார். வாழ்நாள் முழுக்கத் தப்பான தாளைக் கண்டுபிடித்த மனுஷி, கடைசியாக நம்பியது என் வாய்ப் பொய்யை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பிறகு இரங்கல் கூட்டம். இந்த மலரைப் போடுகிற அதே அன்பர்கள் ஏற்பாடு செய்தது. மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை: 'ஏழை விவசாயிகளின் கண்ணீர் துடைத்த கருணைத் தாய்.' அதற்குப் பக்கத்தில் அக்காவின் படம், மாலையோடு. தேங்காய் எண்ணெய் இருந்திருந்தால் அந்தப் பதாகையை அங்கேயே உரித்திருப்பேன். தலைமை தாங்கியவர் எழுந்து, அக்கா பெயரால் வருடம் ஒருமுறை ஆலங்கண்மாய்க்கு அரிசியும் சேலையும் அனுப்பப் போவதாக அறிவித்தார். ஒரே கைதட்டல். அதிலும் பலமாகத் தட்டியவர்கள் மொத்த வியாபாரியிடம் போன அந்த இரண்டு பேர். பெயரை எழுதவில்லை. கை அரிக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். ஐயா, அவர்கள் சேலை கேட்டார்களா? விதைக்கலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல உங்களுக்கு வாயில்லை, சேலை கொடுக்க மட்டும் கை நீள்கிறதோ?

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் போட்டேன். மைக்குக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்து ஆலங்கண்மாய்க்குப் போட்டேன். பேச்சியம்மாள் எடுத்தார். களத்தில் எல்லாரும் கூடி இருந்தார்கள்போல, பின்னால் பேச்சுக் குரல்கள் கேட்டன.

"சேகரண்ணே, அக்கா இல்லாம யாரு சொல்லுவான்னு காத்துக்கிட்டு இருக்கோம். மழை வரப் போகுதுண்ணே. விதைக்கவா, வேணாமா?"

"இன்னைக்குத்தான் வாக்கு ஞாயிறு" என்றேன். கூட்டத்தைப் பார்த்தேன். "எழுந்து பேரைச் சொல்லுங்க. எத்தனைன்னு சொல்லுங்க."

முதலில் ஒருவர் எழுந்தார். எட்டு என்றார். இன்னொருவர் ஆறு. அடுத்தவர் ஐந்து. சாப்பாட்டுக் கடைக்காரர் மூன்று. அந்த இரண்டு பேரும் தங்கள் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டிப் பார்த்தேன், இருபத்திரண்டு. அக்காவிடம் சொன்னது நாற்பத்திரண்டு. "சேகர், இருபது மூட்டை" என்றேன்.

பேச்சியம்மாள் உடனே கேட்டார்.

"எப்பவும் பன்னெண்டுதானண்ணே சொல்லுவீங்க? இருபத அரைச்சு யாருக்கு விக்கப் போறீங்க?"

நான் கைப்பேசியை மைக்குக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

"பாவம் பாக்குறீங்களா?" என்று கேட்டார் பேச்சியம்மாள். மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. "அக்கா எங்களுக்கு அதச் சொல்லிக் குடுக்கலண்ணே. உங்களால எம்புட்டு விக்க முடியுமோ அதச் சொல்லுங்க. அதுக்குத் தக்கன வெதைச்சுக்கிறோம். மிச்ச நெலத்துல கம்பு போட்டுட்டுப் போறோம்."

என் முதுகுக்குப் பின்னால் பதாகை இருந்தது. திரும்பிப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அதில் எழுதியிருந்ததற்கும் நான் செய்யப் பார்த்ததற்கும் என்ன வித்தியாசம்?

"பன்னிரண்டு" என்றேன்.

"சரிண்ணே. மொத்தம் முப்பத்து நாலு. நாளைக்கே வெதைக்கிறோம்" என்று வைத்துவிட்டார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். நான் அக்காவின் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் அதே பார்வை. யார் எடுத்த படமோ, நல்ல சமயத்தில்தான் எடுத்திருக்கிறார்கள்.

அக்கா, நீங்கள் கேட்டதற்கு அன்றைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன். முப்பத்து நாலு. போன வருடத்தைவிட நாலு குறைவு. ஆனால் இதில் ஒரு மூட்டைகூடப் பாவம் பார்த்துச் சொன்னது இல்லை. சரிபார்த்துக்கொண்டு போய்வாருங்கள்.